டால்பின் ரோஸா, அந்துப்பூச்சி ரோஸா

"அந்துப்பூச்சி கலரையா படுக்கையறைச் சுவத்துல பூசுவாங்க?"

அந்த அம்மா கேட்டதும், பெயிண்ட் கடையில் கலர் கலக்குபவன் சிரிப்பை அடக்க டப்பாவுக்குள் குனிந்துகொண்டான்.

பக்கத்தில் நின்ற பெரியவர் மசியவில்லை. போனை நீட்டினார். படத்தில், தோட்டத்து விளக்கின் மேல் ரோஸ் நிறச் சிறகோடு ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது.

அம்மாவும் தன் போனை எடுத்தார். அதில் ஓர் ஆற்று டால்பின். அதுவும் ரோஸ்தான்.

கலக்குபவன் கண்ணுக்கு இரண்டுக்கும் அரைச் சொட்டுச் சிவப்புதான் வித்தியாசம். அவர்களுக்கோ மானப் பிரச்சினை. கலந்த பெயிண்டைக் கடை திரும்ப எடுக்காது. இரண்டு தலையும் ஆடாமல் அவன் கலக்க மாட்டான்.

டால்பின் பிறக்கும்போது சாம்பல் நிறம், வயது ஏற ஏற உரசி, கடிபட்டு, சண்டை போட்டுத்தான் ரோஸ் ஆகிறது என்றார் அம்மா. பூச்சியின் நிறம் தொட்டால் கையோடு வந்துவிடுமாம்.

பூச்சி கூட்டைவிட்டு வரும்போதே ரோஸ் என்றார் பெரியவர். வருஷக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டியதில்லையாம்.

"நீங்க எப்பவும் அவசரம்."

"நீங்க எப்பவும் பிடிவாதம்."

குரல் ஏறியதே தவிர, 'நீங்க' இறங்கவில்லை. அவன் வீடாக இருந்தால் இதற்குள் 'நீ' வந்து, கரண்டியும் பறந்திருக்கும். நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டான்.

அம்மா சட்டென்று பையைத் தோளில் மாட்டினார். "அப்ப அந்தப் பூச்சியோடவே இருங்க!"

கலக்குபவன் டப்பாவை விட்டு நிமிர்ந்தான். தன் கண் முன்னாலேயே ஒரு குடும்பம் உடைவதா?

"இத்தனை வருஷம் ஒண்ணா வாழ்ந்துட்டு, ஒரு டப்பா பெயிண்டுக்காகப் பிரிவீங்களாம்மா?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்குக் கல்யாணமே வர்ற வெள்ளிக்கிழமைதான் தம்பி" என்றார் பெரியவர்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் காது இரண்டும் ரோஸ் ஆகிவிட்டன.

அம்மா பையை இறக்கிவைத்தார். நரைமுடிக்கு நடுவே தெரிந்த அந்தக் காதுகளை ஆசைதீரப் பார்த்தார்.

"இதோ, இந்தக் கலர்தான். இதையே கலந்துடுங்க தம்பி."

பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "உனக்குச் சம்மதம்தானே?"

காதின் ரோஸ் இன்னும் ஒரு படி ஏறியது.

கலக்குபவன் அவசர அவசரமாக இன்னொரு சொட்டுச் சிவப்பு விட்டான்.