அக்கரைக்குக் கையசைத்தல்

அக்கரையிலிருந்து யார் கையசைத்தாலும் இக்கரையின் எல்லைக் கண்காணிப்புக் கோபுரத்துக் காவலர்கள் திருப்பிக் கையசைப்பதில்லை. அப்படியோர் உத்தரவு எந்தக் கோப்பிலும் இல்லை. என்றாலும் பதினான்கு மாதங்களாக ஒருவரும் மீறியதில்லை. அக்கரை ஒரு சிறிய நாடு. அதனுள் புகுந்து எரித்துக்கொண்டிருந்தது, இக்கரை வல்லரசோடு ஏழாம் பொருத்தமான இன்னொரு வல்லரசின் படை. தலையிடலாமா என்று தலைநகரில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோபுரத்தில் காவலிருந்த சேந்தனின் தொலைநோக்கியில், அக்கரைப் பெண் ஒருத்தி பதினோராவது நாளாக மொட்டைமாடியில் நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் மஞ்சள் துண்டு. அவள் துண்டை ஆட்டினாள்; அவன் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினான். எழுதும்போது அவனுக்கு எதுவுமே தோன்றவில்லை.

“இன்னிக்கும் வந்துட்டாளா ஒன் சம்சாரம்?” என்றார் ஹவில்தார் மாசிலாமணி, டீயை ஆற்றியபடி.

“ஒரு தடவ நாமளும் கைய ஆட்டினா என்ன சார்?”

“நாம வர்றோம்னு நெனச்சுக்குவா. புள்ளையோட ஆத்துல எறங்கிடுவா. அவனுங்க சுடுவானுங்க. அதையும் நீதான் எழுதணும்.”

“ஆட்டலேன்னா?”

மாசிலாமணி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். நேற்று மூன்று தெரு தள்ளி எழுந்த புகை, இன்று அவளுக்கு அடுத்த வீட்டிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.

சேந்தன் தொலைநோக்கியைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். விளிம்புக்குப் போய், கீழே நின்ற வீரர்களெல்லாம் பார்க்க, வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினான்.

வெறுங்கண்ணுக்கு அவள் ஒரு மஞ்சள் புள்ளி. புள்ளி அசைவதை நிறுத்தியது.

தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே மாசிலாமணி சொன்னார்: “படியில எறங்குறா.”