கரண்டை மிச்சம் பிடித்த குற்றம்

"கரண்டை மிச்சம் பிடிக்கிற அந்தத் திருட்டு ஆள் யாருன்னு எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும்" என்றார் முதலாளி.

மேனேஜர் தலையாட்டினார். பொத்தானும் ஜிப்பும் மொத்தமாக விற்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் இப்படி ஒரு குற்றத்தை அவர் இதுவரை விசாரித்ததில்லை.

முன்பெல்லாம் கதையே வேறு. முதலாளி கஞ்சத்தனத்தில் கரைகண்டவர். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு நெஞ்சு பதறும். ஆள் இருந்தாலும் கொஞ்சம் பதறும். ஊழியர்கள் அரையிருட்டிலேயே வேலை பார்த்துப் பார்த்து, கறுப்புப் பொத்தான் எது, நீலப் பொத்தான் எது என்று தடவிப் பார்த்தே சொல்லுமளவுக்குத் தேறியிருந்தார்கள்.

அப்போதுதான் அரசாங்கத்தின் அறிவிப்பு வந்தது. வணிகக் கட்டடங்களில் பழைய ஏ.சி.யையும் விளக்குகளையும் கழற்றிவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கும் புதியவற்றை மாட்டினால் ஊக்கத்தொகை. மாற்றுவதற்கு முன்னால் எவ்வளவு கரண்ட் செலவானது, மாற்றிய பிறகு எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, குறைந்த அளவுக்கு ஏற்றபடி கொடுப்பார்கள்.

முதலாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இங்கேதான் ஏற்கெனவே எதுவும் எரிவதில்லையே, இதில் எதைப் போய்க் குறைப்பது?

சாயங்காலம் மேனேஜரைக் கூப்பிட்டார். "இப்ப குண்டா இருந்தாத்தானேய்யா, அப்புறம் இளைச்சதைக் காட்ட முடியும்? இன்னியிலேருந்து எல்லாம் எரியட்டும். ராத்திரி பகல் எந்நேரமும்."

எரிந்தது. பட்டப்பகலில் மொட்டை மாடி விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஆளே இல்லாமல் மேலும் கீழும் போய் வந்தது. 'வெளியே போகும்போது விளக்கை அணைக்கவும்' என்ற பழைய பலகைகளைக் கழற்றிவிட்டு, 'அணைத்தால் வேலை போகும்' என்று புதிதாக மாட்டினார்கள். ஏ.சி. குளிர் தாங்காமல் கணக்குப்பிள்ளை கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டார். அவர் கைவிரல் விறைத்ததால் பக்கத்தில் ஒரு ஹீட்டரும் வைக்கப்பட்டது. அதைப் பார்த்து முதலாளிக்கு ஏக சந்தோஷம்.

பெருக்கித் துடைக்கும் அக்காவுக்குத்தான் பாடு. அவளுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. இருமலும் துடைப்பமுமாக மாடி ஏறி இறங்கினாள்.

இந்த விஷயத்தில் முதலாளி யாரையும் நம்பவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அவரே மாடி மாடியாக ஏறி, எல்லாம் எரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பூட்டினார்.

அப்படியும் பில் வந்தபோது ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. காலையில் மேனேஜர் வந்து பார்த்தால் விளக்கும் ஏ.சி.யும் அணைந்து கிடந்தன. கேமரா வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அதற்கு யார் அப்பன் வீட்டுக் காசு என்று முதலாளி திருப்பிக் கேட்டதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

எல்லோருக்கும் முன்னால் வருகிறவர்கள் இரண்டே பேர். எலக்ட்ரீஷியனும் அந்த அக்காவும். காலையில் கட்டடத்தைத் திறக்கிற சாவி அவர்களிடம்தான் இருந்தது. இருவரையும் ஜன்னல் இல்லாத மீட்டிங் அறைக்கு வரச்சொன்னார்கள்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. அக்காவின் மருந்தும் மகளின் படிப்பும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடின. வேலை போனால் இருவருக்குமே வேறு போக்கிடம் இல்லை என்பது மேனேஜருக்கு நன்றாகத் தெரியும்.

"யார் அணைச்சதுன்னு சொல்லிட்டா ஒரு சீட்டோட போச்சு. இல்லேன்னா ரெண்டு சீட்டும் கிழியும்" என்றார் முதலாளி.

எலக்ட்ரீஷியன் அக்காவைப் பார்த்தான். ஏ.சி.க்கு நேர் கீழே நின்றிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"நான்தான் சார்" என்றான். "வீணாப் போறதைப் பார்க்கப் பொறுக்கலை."

என் காசு, என் கரண்ட், உனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று முதலாளி பிடித்துக்கொண்டார். அவர் முடிப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

"அவன் பொய் சொல்றான் முதலாளி. நான்தான் அணைச்சேன். குளிர் எனக்கு ஒத்துக்கலை. கைக்குழந்தைக்காரன், அவனை விட்டுடுங்க."

"ஓகோ, கூட்டுக் களவாணிங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து என் அடிமடியிலேயே கை வெச்சிருக்கீங்க."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கேட்கிற நிலையில் இல்லை. இரண்டு பேர் கணக்கையும் இன்றோடு முடித்து அனுப்பும்படி சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். கதவைத் தாண்டும்போது அவருடைய வலது கை தன்பாட்டுக்குச் சுவர்ப்பக்கம் நீண்டது.

டக். டக்.

அறை கும்மிருட்டானது. ஏ.சி.யும் முனகிவிட்டு நின்றது.

முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி கெட்டவர்களைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தார். வழியில் ஒவ்வொரு கதவருகிலும் ஒரு 'டக்' கேட்டது. கணக்குப்பிள்ளை அறையிலிருந்து, "சார், நான் உள்ளேதான் இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

மேனேஜருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

யாரும் நகரவில்லை. இருட்டுக்குள் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அணைச்சது நீ இல்லியா தம்பி?"

"நீங்கன்னு நெனச்சுத்தானேக்கா நான் ஒத்துக்கிட்டேன்."