பக்கவாட்டு ஜிப்

அன்று பையை மெதுவாகத்தான் வைத்தாளா என்பது இப்போது அவளுக்கே நிச்சயமில்லை.

தேவாலய வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்ச் இருந்தது. அது நினைவிருக்கிறது. பையை அதன்மேல் வைத்தாள்.

வைத்தாளா, போட்டாளா?

இரண்டு வாரமாக இதே கேள்வி. கேட்கக் கேட்க, நினைவில் அவள் கை இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்குகிறது. நேற்று ‘தொப்’ என்று ஒரு சத்தம்கூடக் கேட்டது.

அப்படியொரு சத்தம் அன்று இருந்ததா?

“அண்ணாச்சி, மாடியிலருந்து தூக்கிப் போட்டாலும் உள்ள இருக்கிறது உடையாத பை இருக்கா?” என்றான் தாவீது. அவளுடைய அண்ணன். “எங்க வீட்டுல ஒரு ஆள் இருக்கு. இறக்கி வைக்காது. எறியும்.”

பைக்கடைக்காரர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்.

மூன்று பைகள் மேசைக்கு வந்தன. ஒன்று ஆமை ஓடு மாதிரி கெட்டியாக இருந்தது. ஒன்றில் நிறைய அறைகள். மூன்றாவது மழைக்கு நனையாதாம். ஒவ்வொன்றையும் தாவீது தன் முதுகில் மாட்டிக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

சுமக்கப்போகிறவள் அவள். அவள் முதுகை யாரும் கேட்கவில்லை.

ஸ்டூடியோ அவனுடையது. ட்ரோன் அவளுடையது. வளையலை விற்று வாங்கியது. சென்னையில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி, ஓட்டுவதற்குச் சான்றிதழ் வாங்கியவளும் அவள்தான்.

அன்று மணமக்கள் தேவாலயத்திலிருந்து இறங்கி வருவதை மேலிருந்து எடுக்க வேண்டும். பையைத் திறந்தாள். கேமரா ஆடாமல் இருக்க அதன்மேல் மாட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி இல்லை. கேமரா, கழுத்து ஒடிந்த கோழியைப் போலத் தொங்கியது.

மணமக்கள் இறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மணப்பெண்ணின் அப்பா சத்தம் போட்டார்.

“தங்கச்சி பையைக் கீழ போட்டுட்டா சார்” என்றான் தாவீது. அத்தனை பேர் முன்னால்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கண்ணீர்தான் முதலில் வந்திருக்கும். அது அழுகை இல்லை, கோபம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

முந்தின நாள் மாலை ட்ரோனைப் பையோடு கடற்கரைக்கு எடுத்துப்போனவன் அவன். நண்பர்களுக்குப் பறக்கவிட்டுக் காட்ட. மூடியைப் போட்டுத்தான் உள்ளே வைத்தேன் என்றான். அம்மா மேல் சத்தியம் என்றான். நீ போட்ட போட்டில் மூடி எங்கேயோ தெறித்துவிட்டது என்றான்.

அடுத்த இரண்டு கல்யாணங்களில் அவள் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழுது பார்த்து வந்த ட்ரோன் அவள் கைக்கு வரவில்லை.

“புதுப் பை வரட்டும் ஏட்டி. யாரு ஓட்டுறதுன்னு அப்புறம் பாப்போம்.”

கடைக்காரர் பழைய பையைக் காட்டினார். “இதுல உள்ளதெல்லாம் வெளிய எடுங்க. புதுசுல வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும்.”

எடுத்து வைத்தாள். ட்ரோன். ரிமோட். மூன்று பேட்டரி. மாற்று இறக்கைகள். தரையில் விரிக்கும் ஆரஞ்சு விரிப்பு. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பைக்குள் ஓர் இடம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

காலியான பையைக் கடைக்காரர் கையில் வாங்கினார். தொழில் பழக்கம். தையலை இழுத்துப் பார்த்தார். வாரை இழுத்துப் பார்த்தார். பக்கவாட்டு ஜிப்பில் அவர் விரல் நின்றது.

“இது சிக்குதே.”

வாங்கிய நாளிலிருந்தே சிக்கும். அதனால் அந்த அறையை அவள் தொடுவதே இல்லை.

அவர் மெழுகுவத்தித் துண்டு ஒன்றை எடுத்து ஜிப்பின் பற்களில் தேய்த்தார். இப்படியும் அப்படியும் அசைத்தார். இழுத்தார்.

திறந்துகொண்டது.

உள்ளேயிருந்து ஒரு கூலிங் கிளாஸை எடுத்தார்.

“அட, இங்கயா கெடக்கு” என்றான் தாவீது. முகமெல்லாம் சிரிப்பு. “அன்னிக்குக் கடற்கரையில தொலைச்சது அண்ணாச்சி. எங்கெல்லாம் தேடுனேன்.”

கையை நீட்டினான்.

கடைக்காரர் பையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

கொஞ்சம் மணல் விழுந்தது.

மணலோடு அந்த மூடி.

மேசைமேல் உருண்டு, ட்ரோன் பக்கத்தில் போய் நின்றது.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“கண்ணாடி உங்களுதுதான தம்பி?”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் காத்திருந்தாள். இரண்டு வாரத்துச் சொற்கள் அவளிடம் இருந்தன. ஒன்றைக்கூட அவள் வெளியே விடவில்லை. அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

அவன் கண்ணாடியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆமை ஓட்டுப் பையைத் தொட்டு, “இதையே போட்டிருங்க அண்ணாச்சி” என்றான்.

அவள் மூடியை எடுத்தாள். மணலை ஊதினாள். கேமராவின்மேல் வைத்து அழுத்தினாள்.

டக்.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நூறு தடவை கேட்டது. ‘தொப்’ என்ற அந்த இன்னொரு சத்தம் யார் வாயிலிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிந்தது.

“புதுசு வேண்டாம் அண்ணாச்சி” என்றாள். “இந்தப் பை மேல ஒரு குத்தமும் இல்ல.”

எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். வாரைத் தன் தோளுக்கு இறுக்கிக்கொண்டாள். பக்கவாட்டு ஜிப் இப்போது வழுக்கிக்கொண்டு மூடியது.

இப்போது பைக்கடை அங்கே இல்லை. கடைக்காரர் மகனோடு மதுரைக்குப் போய்விட்டார்.

தாவீது கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். ட்ரோனுக்கு வெளியாளைக் கூப்பிடுகிறான்.

அவள் தூத்துக்குடியில் இருக்கிறாள். உப்பளங்களை மேலிருந்து படமெடுத்துக் கொடுக்கிறாள். அதே பைதான்.

மணப்பெண்ணின் அப்பா நன்றாக இருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கல்யாண ஆல்பத்தைக் காட்டும்போதெல்லாம், ஸ்டூடியோக்காரன் தங்கச்சி பையைக் கீழே போட்ட கதையையும் சொல்கிறார்.