கழற்றிப் போட்ட கார்

தணிகாசலம் தன் பழைய காருக்குத் தானே மெக்கானிக். இன்ஜின் முதல் டயர் வரை ஒவ்வொன்றாக மாற்றினார். கழற்றியதைக் காயலான் கடைக்குப் போட மனசு வராமல் ஷெட்டுக்குள் குவித்தார். ஆயுதபூஜையன்று காலையில் கடைசியாக ஹாரனையும் கழற்றி உள்ளே போட்டார்.

"வா, நீதான் பாக்கி" என்றது குவியலிலிருந்த பழைய கார்க் கதவு.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றது ஹாரன்.

"ஓட்டுறவர் மட்டும் வரணும். கூப்பிடு."

வெளியே தணிகாசலம் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி அசையவில்லை. ஷெட்டுக்குள் பழைய ஹாரன் அடித்தது.

"யாருடா உள்ளே?" என்று இறங்கிப் போனார்.

கார்க் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. பழைய இன்ஜின் உறுமியது. அந்த உறுமல் மெல்ல மெல்லத் தூரமாகிப் போனது.

புது டயர்களுக்கடியில் எலுமிச்சம்பழங்கள் நான்கும் நசுங்காமல் கிடந்தன.