சத்தமே வராது

“கிளைவ், பேச்சை நீயே ஆரம்பி. என் குரலைக் கேட்டா அந்தம்மா கதவைச் சாத்திடும்” என்றாள் மௌரீன்.

தெருவின் கடைசி வீட்டை நோக்கி இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டுத் தோட்டத்தை ஒட்டியே விமான நிலையத்தின் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே புல் மண்டிய ஒரு மூலை காலியாகக் கிடந்தது.

காதைப் பிளக்கும் சத்தத்தோடு ஒலியைவிட வேகமாகப் போகும் கான்கார்ட் விமானங்கள் பறப்பது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும் ஓடுபாதை ஓரத்தில் மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தது. இப்போது அந்த இடம் வேறு விமானங்களுக்குத் தேவைப்பட்டது. உடைத்து விற்றுவிடலாம் என்று நிர்வாகம் சொன்னதும், ஒருகாலத்தில் அதில் மெக்கானிக்காக இருந்த கிளைவ் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய் மன்றாடினார்.

கடைசியில் நிர்வாகம் கொஞ்சம் இறங்கி வந்தது. அந்தக் காலி மூலைக்கு விமானத்தை நகர்த்திக்கொள்ளலாம்; ஆனால் அதைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரே வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

அது பெரில் ஸ்டேனர்டின் வீடு.

பெயரைக் கேட்டதுமே கிளைவுக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. விமான நிலையத்தில் அந்தப் பெயரை அறியாதவர்கள் இல்லை. அங்கே புகார்களைக் கேட்கும் தொலைபேசியில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் மௌரீன்.

“சாயங்காலம் நியூயார்க் கான்கார்ட் கொஞ்சம் லேட்டானா போதும், போன் அடிச்சிடும். ‘என்னங்க, எங்க வீட்டு ஜன்னல் இன்னும் ஆடலையே, எங்க போச்சு உங்க விமானம்’னு கேக்கும். அவ்வளவு நக்கல்.”

“நீ என்ன பதில் சொல்லுவ?”

“என்ன சொல்றது? ‘சத்தத்துக்கு மன்னிச்சுக்குங்க மேடம்’னு சொல்லிட்டு வச்சிடுவேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க.”

தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய ஒருவர் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். “அம்மா வீட்ல இருக்காங்களா?” என்று கிளைவ் கேட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அம்மாவுக்குத் தப்பாத பிள்ளை” என்று முணுமுணுத்தாள் மௌரீன்.

கதவைத் திறந்தது பெரில்தான். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கையெல்லாம் மாவு. வந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டு உள்ளே விட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து தேநீரும் ஊற்றினாள். மௌரீன் தன் கோப்பையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

கிளைவ் விஷயத்தைச் சொன்னார். பெரில் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்போ, என் ஜன்னலுக்கு நேரே வந்து நிக்கும்.”

“ஆமா மேடம். ஆனா உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு. சத்தமே வராது.”

“எஞ்சின் போட மாட்டீங்களா?”

“சத்தியமா மாட்டோம்.”

“எப்பவாவது? பார்க்க ஆளுங்க வரும்போது?”

“எண்ணெயெல்லாம் வடிச்சு எத்தனையோ வருஷமாச்சு மேடம். இனிமே நாங்களே நினைச்சாலும் ஓட்ட முடியாது. நீங்க நிம்மதியா தூங்கலாம்.”

பெரில் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகம் வாடியதைக் கிளைவ் கவனித்தார். எங்கே தப்பாகப் பேசினோம் என்று அவருக்குப் புரியவில்லை.

“ஒரே ஒரு தடவைகூட முடியாதா?” என்று கேட்டாள்.

கிளைவும் மௌரீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மேடம்” என்று மௌரீன் முதல் முறையாக வாயைத் திறந்தாள். “இத்தனை வருஷமா நீங்க போன்ல…”

“ஓ, நீங்கதானா அது?” பெரில் அவளை உற்றுப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. “ரொம்ப மரியாதையா பேசுவீங்க. ஆனா கடைசிவரைக்கும் கேக்கவே மாட்டீங்க. நான் ஒண்ணு கேட்டா, நீங்க மன்னிப்பு கேட்டுட்டு வச்சிடுவீங்க.”

“சத்தம் தாங்க முடியாமதான் கூப்பிடுறீங்கன்னு நினைச்சோம்.”

“எப்ப வரும்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன். தோட்டத்துல இருக்கானே என் பையன் காலின், அது போகாம அவன் சாப்பிட மாட்டான். ரெண்டு கையையும் ஜன்னல் கண்ணாடியில வச்சுக்கிட்டு நிப்பான். சூப் ஆறிப்போகும். லேட்டுன்னா லேட்டுன்னு சொன்னா, நான் அதுக்கேத்த மாதிரி சமைச்சிருப்பேன்ல? கடைசி விமானம் போனதுக்கு அப்புறமும் ஒரு மாசம் அப்படியே போய் நின்னான். அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

மௌரீன் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தாள். கிளைவ்தான் மெதுவாகக் கேட்டார்.

“அப்போ, அந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவாவே இல்லையா மேடம்?”

“ஏன் இல்லாம? எனக்குத் தலையே வெடிச்சிடும்” என்றாள் பெரில். “கொண்டுவந்து நிறுத்துங்க. சத்தம் இல்லன்னாலும் பரவாயில்லை, கிட்டப் போயாவது பார்க்கட்டும். காது கேக்காம பொறந்த பிள்ளை. அவனுக்குக் கேட்ட ஒரே சத்தம் அதுதானே.”