கதவுக்கு வெளியே

வாஷிங்டனில் ஹாஸ்கெல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருக்கு உதவியாளர். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் பகுதிநேர ராணுவ அதிகாரியாகச் சீருடையில் ரகசியக் கோப்புகளைப் படிப்பார். ரகசியங்களை அறிய ராணுவம் தந்த அந்த அனுமதி அலுவலக நாட்களில் செல்லாது. அதனால் செவ்வாய்க்கிழமை ரகசியக் கூட்டம் நடந்தபோது கதவுக்கு வெளியே நின்றார்.

"சனிக்கிழமை வாங்க சார், சல்யூட் அடிச்சே உள்ள விடறேன்" என்று காவலர் சிரித்தார்.

கதவு திறந்தது. ராணுவச் சீருடையில், அதே முகத்தோடு இன்னொரு ஹாஸ்கெல் வெளியே வந்தார். காவலர் சல்யூட் அடித்தார். வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. உள்ளே போகிறவர்கள் கைப்பேசியை விட்டுச் செல்லும் வாசல் பெட்டியிலிருந்து தன்னுடையதை எடுத்தார்.

"உள்ள என்ன சொன்னாங்க?" என்று ஹாஸ்கெல் கேட்டார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாது. ரூல் உங்களுக்கே தெரியும்."

பிறகு சீருடையில் இருந்தவர் ஹாஸ்கெலின் மனைவி நடீனைக் கைப்பேசியில் அழைத்தார்.

"குழந்தையத் தூக்கிட்டு இப்பவே ஊரை விட்டுக் கிளம்பு. ஆபீஸ்லேர்ந்து நான் வருவேன்னு காத்திருக்காத."