நாலாவது ஊசி

"சொறியாதீங்கப்பா. சர்சர்னு போன்ல கேக்குது."

ரெங்கராஜ் சட்டென்று கையை எடுத்தார். வயிற்றிலும் தொடையிலும் ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. காலையிலிருந்து முதுகிலும் நாலைந்து தடிப்புகள். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வந்து படுத்து மூன்று நாளாயிற்று. இடுப்பெலும்பை உள்ளேயிருந்து யாரோ இடிப்பதுபோல் வலி.

"சொறியலம்மா. போர்வைய இழுத்தேன்."

"பொய்."

அவர் மகள் இளவேனிலுக்குப் பத்து வயது. குரலில் மட்டும் ஐம்பது வயதுச் சலிப்பு.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? வேர்க்குரு மாதிரிதான்."

ரெங்கராஜ் மின்வாரியத்தில் லைன்மேன். கொட்டும் மழையில் கே.கே. நகரில் கம்பம் ஏறுகிறவருக்கு ஊசி என்றால் மட்டும் நடுக்கம். ஆனாலும் மூன்று ஊசிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார். தடிப்பை நர்ஸ் பார்த்துவிடாதபடி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, ஊசி போடும்போது தடிக்காத இடத்தை மட்டும் காட்டினார்.

"மறைக்கிறீங்க. அதானே? ஏன்ப்பா?"

"சொன்னா ஊசிய நிறுத்திருவாங்க கண்ணு." "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதையும் போட்டாத்தான் ரத்தத்துல அணு ஏறும். நிறுத்திட்டா அப்புறம் நமக்கு வேற வழி என்ன இருக்கு?"



"நிறுத்த மாட்டாங்கப்பா. அந்த ஊசிக்கு அரிக்கும், தடிக்கும். மாத்திரை குடுப்பாங்க. ஐஸைத் துணியில சுத்தி வச்சுக்கங்க. நகத்த வெட்டிருங்க."

"சரிங்க டாக்டரம்மா." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அம்மாவ அங்க அனுப்பட்டா?"

"வேணாம். அம்மா உன் பக்கத்துலயே இருக்கட்டும். சாப்டியா?"

"இட்லி. பாதி."

"முழுசா சாப்பிடணும் தங்கம்."

"நீங்க?"

அவர் தட்டில் இருந்த மூன்று இட்லிகளையும் பார்த்தார். "நானும் பாதிதான்."

அப்போது டாக்டர் மரகதவல்லி நர்ஸிடம் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்.

"போன வைக்காதீங்கப்பா. நீங்க சொல்றீங்களான்னு நான் கேக்கணும்."

வேறு வழியில்லை. ரெங்கராஜ் சட்டையைக் கழற்றினார். டாக்டர் முகம் மாறியது.

"எப்பலேருந்து இப்படி?"

"ரெண்டாவது ஊசியிலேருந்துங்க."

"ஏன் சொல்லல? மூச்சு வாங்குதா? உதடு, முகம் ஏதாவது வீங்குச்சா?"

"இல்லீங்க. நிறுத்திருவீங்களோன்னு பயம்..."

"நல்ல ஆளு! இதுக்கு நிறுத்தணும்னு அவசியம் இல்ல. மாத்திரை தரேன், ஊசிய இடம் மாத்திப் போடச் சொல்றேன். ஆனா மறைக்கிறது ஆபத்துங்க. இதுவே முத்திப்போயிருந்தா?"

மாத்திரை கொடுத்து, அரைமணி நேரம் பார்த்துவிட்டு, நர்ஸ் நாலாவது ஊசியைப் போட்டார். ரெங்கராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"போட்டாச்சாப்பா?"

"போட்டாச்சும்மா."

"வலிச்சுதா?"

"கொஞ்சம். இரு, வரேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒருமுறை நின்று நின்று, அவர் மேல்மாடிக்கு ஏறினார்.

அங்கே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், முடியெல்லாம் கொட்டிப்போன தலையோடு, போனைக் காதில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் இளவேனில். முதல் தடவை அப்பா கொடுத்த எலும்பு மஜ்ஜை ஒட்டாமல் போனபோது, இதே ஊசியைப் போட்டுக்கொண்டு இதே தடிப்போடு இருபது நாள் கிடந்தவள் அவள். இந்த ஊசி பெருக்கிய ஸ்டெம் செல்களை நாளைக் காலையில் அவர் ரத்தத்திலிருந்து எடுக்கப்போவதும் அவளுக்குத்தான்.